செம்மண்ணும் வெண்பொடியும்

சேலத்தினின்று விருத்தாசலம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் சின்னசேலம் என்னும் ஊர் உளது. அதன் வடபால் கல்வராயன் மலைத்தொடர் நிற்கும். ஊரைச் சுற்றிலும் மக்காச்சோளமும் மரவள்ளியும் கரும்பும் விளையும் நிலங்கள். அவற்றுட் பல செம்மண் நிலங்கள். 2019-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபொழுது இவ்வூரும் அதன்கண் அடங்கிற்று. யாம் பிறந்து வளர்ந்தது இம்மண்ணிலேயாம்.

சென்ற விடுமுறையில் யாம் ஊர் சென்றிருந்த காலை, எம் பெரிய தந்தையார் மக்காச்சோளத்திற்கு மேலுரம் இடுவதற்காக யூரியா வாங்கச் சென்றார். மூன்று மூட்டை வேண்டிச் சென்றவர், நெடுநேரம் வரிசையில் நின்று, ஒரு மூட்டையோடு திரும்பினார். அதனைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "தம்பி, நீ கல்லூரியில் படிக்கிறாய். இந்த யூரியாவை எதிலிருந்து செய்கிறார்கள்? நம் ஊரிலேயே அதைச் செய்ய முடியாதா?" என்று வினவினார். "நான் தமிழ் அல்லவா படிக்கிறேன், பெரியப்பா!" என்று கூறித் தப்பித்துக்கொள்ள முயன்றோம். "தமிழ் படித்தால் இது தெரியக் கூடாதா?" என்றார் அவர்.

அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. கல்லூரிக்குத் திரும்பியதும் விடுதியில் வேதியியல் பயிலும் நண்பர்களை அணுகினோம்; நூல்நிலையத்திற் கிடைத்தவற்றைப் புரட்டினோம். யூரியாவில் தொடங்கிய தேடல் நீரிலும் வெயிலிலும் வந்து முடிந்தது. யாம் அறிந்துகொண்டதை, எம்மைப் போலவே அறிவியலை முறையாகப் பயிலாத மாணவ அன்பர்களுக்கு விளங்குமாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

யூரியாவும் ஹைட்ரஜனும்

யூரியா அமோனியாவினின்றும் கரியமிலவாயுவினின்றும் ஆக்கப்படுவது. அமோனியாவோ, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கூடிப் பிறப்பது. நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை, நாம் உயிர்க்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கிற்குச் சற்றுக் குறைவாக அதுவே நிரம்பியுளது. அரிதாவது ஹைட்ரஜனே. உலகில் அது மிகுதியாக இருப்பினும் தனித்து இருப்பதன்று. நீரிலும் எண்ணெயிலும் எரிவாயுவிலும் பிற பொருளோடு பிணைந்தே கிடக்கின்றது. அப்பிணைப்பை அறுப்பதற்கு ஆற்றல் வேண்டும்.

இந்நாளில் நம் நாட்டு யூரியா ஆலைகளுட் பெரும்பாலானவை இயற்கை எரிவாயுவினின்றே ஹைட்ரஜனைப் பெறுகின்றன. அவ்வெரிவாயுவில் ஒரு பகுதி கடல்கடந்து வருவது. அயல்நாட்டிற் போர் மூண்டாலும் விலை ஏறினாலும் அதன் அதிர்ச்சி சின்னசேலத்துத் திண்ணை வரையில் வந்து சேர்வதன் காரணம் இதுவேயாம். இன்னும் ஒரு குறை உளது. இவ்வழியில் ஒரு கிலோ ஹைட்ரஜன் பெறும்பொழுது ஏறத்தாழ 9 அல்லது 10 கிலோ கரியமிலவாயு தோன்றுகின்றது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்பொழுது யூரியா மூட்டை 45 கிலோ எடையுள்ளது. அதனை ஆக்குவதற்கு 25.5 கிலோ அமோனியா வேண்டும், அவ்வமோனியாவிற்கு 4.5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனை நீரினின்று எடுப்பதாயின், ஒரு கிலோவிற்கு 9 கிலோ நீர் வீதம் 40.5 கிலோ நீர் போதும். ஏறத்தாழ மூன்று குடத்து நீர்! கோமுகி ஆற்றிற்கோ கிணற்றிற்கோ இது ஒரு பொருட்டன்று. மேலே வெயிலும் குறைவின்றிக் காய்கின்றது. நீரும் உளது, வெயிலும் உளது; எனின், வெயிலைக் கொண்டு நீரைப் பகுத்தல் ஏன் இயலாது? பெரியப்பாவின் வினா இங்ஙனம் உருமாறி எம்முன் நின்றது.

ஏற்றமும் வாய்க்காலும்

வெயில் படும் குளத்து நீர் ஆவியாகுமேயன்றி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதில்லை. நீர் தெளிவானது, காணும் ஒளியைத் தன்பால் நிறுத்திக்கொள்ளாது கடக்கவிடுகின்றது. ஆதலின் ஒளியைப் பற்றி, அதன் ஆற்றலை நீருக்கு ஊட்டும் இடைப்பொருள் ஒன்று வேண்டும். தான் செலவாகாது வினையை நடத்துவிக்கும் அப்பொருளை ஒளிவினையூக்கி என்பர்.

1912-ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டுப் பொலோனா நகரத்து வேதியியலறிஞர் சியாமீசியன் என்பார், நிலக்கரியை நம்பியிராது கதிரொளியால் வேதிவினைகளை நடத்தும் காலம் வரவேண்டும் என்று நியூயார்க்கில் உரையாற்றினார். ஆயினும் அதற்கு ஒரு கண்கூடான சான்று தோன்ற அரை நூற்றாண்டிற்கு மேல் ஆயிற்று. டோக்கியோப் பல்கலைக்கழகத்தில் ஹோண்டா என்னும் ஆசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த பூஜிஷிமா என்பார், 1967-இல், டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் படிகத்தை நீரில் அமிழ்த்தி, பிளாட்டினத்தோடு கம்பியால் இணைத்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினார். இரு முனைகளிலும் குமிழிகள் எழுந்தன. ஒரு பக்கம் ஆக்சிஜன், மறுபக்கம் ஹைட்ரஜன். படிகம் சிறிதும் தேயவில்லை. அப்பொழுது அவர்க்கு அகவை இருபத்தைந்து. நம்மினும் சில ஆண்டுகளே மூத்தவர். அவ்விருவரும் 1972-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையே இத்துறைக்குக் கால்கோளாயிற்று.

இவ்வினை நடைபெறும் முறையை நம் ஊர் ஏற்றத்தைக் கொண்டு விளக்கலாம். கிணற்றில் நீர் உளது. மேலே வாய்க்கால் உளது. இரண்டிற்கும் இடையே நீரில்லாத வெறும் ஆழம். நீரை இறைப்பவன் அவ்வாழம் முழுவதையும் ஒரே இழுப்பிற் கடத்தல் வேண்டும். பாதி இழுத்து விட்டால் நீர் கீழே வீழும். ஒளிவினையூக்கியினுள்ளும் எலக்ட்ரான்கள் கீழ்நிலையில் நிறைந்திருக்கின்றன, மேல்நிலை வெறிதாயுளது, இடையே ஓர் ஆற்றல் இடைவெளி உளது. ஒளியின் ஒரு துணுக்கு வந்து தாக்கும்பொழுது, அதன் ஆற்றல் அவ்விடைவெளிக்குக் குறையாதிருப்பின், ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறும். கீழே ஒரு வெற்றிடம் உண்டாகும். மேலேறிய எலக்ட்ரான் நீரினின்று ஹைட்ரஜனை விடுவிக்கும். கீழேயுள்ள வெற்றிடம் நீரினின்று எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனை விடுவிக்கும். வினை முடிந்ததும் ஊக்கி முன்போலவே இருக்கும்.

இதன்கண் மூன்று நிபந்தனைகள் உள. முதலாவது, இறைப்பவனுக்குக் கிணற்றாழம் எட்டுதல் வேண்டும். அஃதாவது, வரும் ஒளி இடைவெளியைத் தாண்டும் ஆற்றல் உடையதாதல் வேண்டும். இரண்டாவது, வாய்க்கால் வயலினும் உயர்ந்திருத்தல் வேண்டும். தாழ்ந்த வாய்க்காலினின்று மேட்டு வயலுக்கு நீர் ஏறாது. மூன்றாவது, இறைத்த நீர் வயலை அடையுமுன் மீண்டும் கிணற்றிற்கே ஒழுகிவிடுதல் கூடாது. மேலேறிய எலக்ட்ரான் வழியிலேயே வெற்றிடத்தோடு மீண்டும் கூடிவிடுமாயின், பெற்ற ஆற்றல் வெப்பமாகக் கழிந்துபோம்.

காண்பதும் செய்வதும்

பூஜிஷிமா கையாண்ட டைட்டானியம் டை ஆக்சைடு நமக்குப் புதிய பொருளன்று. சுவர்ப் பூச்சின் வெண்மை பெரும்பாலும் அதனாலாயது. பற்பசையிலும் தாளிலும் அது சேர்வதுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிற் கறுத்த மணலாகத் திரண்டு கிடக்கும் இல்மனைட்டு இதன் தாதுப்பொருளாகும். நஞ்சற்றது, நீரிற் கரையாதது, வெயிலிற் கெடாதது. அதன் வாய்க்கால் வேண்டிய உயரத்தில் உளது. ஆயின் அதன் கிணறு மிக ஆழமானது. அதன் ஆற்றல் இடைவெளி, படிகத்தின் வகைக்கேற்ப 3.0 அல்லது 3.2 எலக்ட்ரான் வோல்ட். இதனைத் தாண்ட வல்லது, கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரும் அதனை ஒட்டிய ஊதாவின் ஓரமுமேயாம். தரையை அடையும் கதிரொளியின் ஆற்றலில் புறஊதாக் கதிர் 100-க்கு 4 அல்லது 5 பங்கே. கண்ணாற் காணும் ஒளியோ ஏறத்தாழ 43 பங்கு. வெண்பொடி வெண்மையாகத் தோன்றுவதன் பொருளே, தன்மீது வந்த காணொளி அனைத்தையும் அது திருப்பியனுப்பிவிடுகின்றது என்பதாம்.

இனி, எம் ஊர்ச் செம்மண்ணை நோக்குவோம். அதன் செம்மைக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. தூய செவ்விரும்பு ஆக்சைட்டின் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட். ஊதா முதல் மஞ்சள் வரையுள்ள ஒளியை அது பற்றிக்கொள்ளும். எஞ்சிய செவ்வொளி திரும்புவதாலேயே சிவந்து தோன்றும். ஒளியைக் காணும் கண் அதற்கு உண்டு. ஆயினும் அதன் வாய்க்கால் தாழ்ந்தது. அதில் ஏறிய எலக்ட்ரான் நீரினின்று ஹைட்ரஜனை விடுவிக்கும் உயரத்தில் இல்லை. அதன் வெற்றிடங்கள் ஆக்சிஜனை விடுவிக்க வல்லனவேயெனினும், சில நானோமீட்டர் தொலைவு செல்வதற்குள் எலக்ட்ரானோடு கூடி மறைந்துவிடுகின்றன.

எனவே, செம்மண் காணும், ஹைட்ரஜனை ஈயாது. வெண்பொடி ஈயும், வெயிலின் பெரும்பகுதியைக் காணாது. இத்துறையின் அரை நூற்றாண்டு உழைப்பெல்லாம் இவ்விரு குணங்களையும் ஓரிடத்தே சேர்க்கும் முயற்சியே என்று கூறலாம்.

ஒளியின் ஆற்றல் போதாதோவெனின், அஃதன்று. நீரைப் பகுப்பதற்குக் கொள்கையளவில் வேண்டுவது 1.23 எலக்ட்ரான் வோல்ட்டே. காணொளியுள் மிக வலிகுன்றிய செங்கதிரின் துணுக்கே 1.8 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியுளது. வழியில் நேரும் இழப்புகளுக்கு ஓரளவு கூட்டிக் கொண்டாலும், காணொளியின் பெரும்பகுதி போதியதே. குறை ஒளியின்பாலதன்று, ஊக்கியின்பாலதே. கேட்மியம் சல்பைடு போன்ற சில பொருள்கள் காணொளியைப் பற்றுவதோடு ஹைட்ரஜனையும் ஈய வல்லன. ஆயின் அவை ஒளிபட்ட நீரில் தாமே அரிக்கப்பட்டு அழிகின்றன; கேட்மியமோ நஞ்சு. ஆதலாலன்றோ அறிஞர் பலர் உறுதிமிக்க உலோக ஆக்சைடுகளையே மீண்டும் மீண்டும் நாடுகின்றனர்!

புழையின் பயன்

நிற்க. ஊக்கியின் உட்பொருளைப் போலவே அதன் உருவமும் வினைக்கு இன்றியமையாதது. நீர் தொடுவது ஊக்கியின் மேற்பரப்பையே. ஒளியால் எழுந்த எலக்ட்ரானும் வெற்றிடமும் உள்ளேயே இருப்பின் பயனில்லை. மேற்பரப்பை அடைந்தாலன்றி நீரோடு உறவில்லை. திண்ணிய கட்டியின் நடுவிற் பிறந்தவற்றிற்கு வழி நெடிது. நெடுவழியிற் கூடி மறைவனவே மிகுதி. அக்கட்டியினுள் எண்ணிறந்த நுண்துளைகளைத் தோற்றுவித்தால், எங்குப் பிறந்த எலக்ட்ரானுக்கும் ஒரு மேற்பரப்பு அண்மையில் இருக்கும். மண்பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாவதனாலன்றோ உள்ளிருக்கும் நீர் குளிர்கின்றது! அங்குப் பயன் தருவது மண் மட்டுமன்று, மண்ணிடையே விட்ட புழையுமாம்.

இப்புழைகளை அளவு கருதி மூவகையாகப் பகுப்பர். 2 நானோமீட்டருக்குக் குறைந்தவை நுண்புழைகள். 2 முதல் 50 வரை இடைப்புழைகள். அதற்கு மேற்பட்டவை பெரும்புழைகள். இடைப்புழைகளே இவ்வினைக்குப் பெரிதும் நாடப்படுவன. அவற்றுள் நீர் தடையின்றிப் புகும், பரப்பும் மிகும். கடைகளிற் கிடைக்கும் பேர்பெற்ற டைட்டானியம் டை ஆக்சைடுப் பொடி ஒன்றில், ஒரு கிராமிற்கு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் மேற்பரப்பு உளது. இடைப்புழையுள்ள டைட்டானியம் டை ஆக்சைட்டில் ஒரு கிராமிற்கு 100 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பெறலாம். நூறு சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். ஒரு சிட்டிகைப் பொடியினுள் ஒரு வீட்டுமனை அடங்கியிருத்தல் வியப்பன்றோ!

இத்துணை நுண்ணிய புழைகளைத் துளைக்கும் உளி யாது? செங்கல் அறுப்போர் சிலர் களிமண்ணோடு உமியைக் கலப்பர். சூளையில் உமி எரிந்துபோக, அது இருந்த இடம் துளையாக எஞ்சும். வேதியியலாரும் இதே முறையைக் கையாளுகின்றனர். உமிக்கு ஈடாகச் சவர்க்காரத்தை ஒத்த பொருளின் மூலக்கூறுகளை நீரிலிடுவர். அவை தாமே திரண்டு நுண்ணிய உருளைகளாக அணிவகுக்கும். அவற்றைச் சூழ ஆக்சைடு படிந்து இறுகியபின், நடுவிலுள்ளவற்றை எரித்து நீக்குவர். 1992-இல் மோபில் எண்ணெய் நிறுவனத்தார் இம்முறையிற் சிலிக்காவில் ஒழுங்கான புழைகளை அமைத்துக் காட்டினர். 1995-இல் அன்டோனெல்லி, யிங் என்னும் இருவர் டைட்டானியம் டை ஆக்சைட்டிலும் இடைப்புழைகளை உண்டாக்கினர்.

நம் நாட்டிற் செய்யப்பட்ட ஓர் ஆய்வு எம்மைப் பெரிதும் கவர்ந்தது. புனேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சிவரஞ்சனி, கோபிநாத் ஆகிய இருவர், டைட்டானியத்தின் நைட்ரேட்டு உப்போடு யூரியாவைக் கலந்து சூடேற்றி எரியச் செய்தனர். ஆம், எம் பெரிய தந்தையார் வரிசையில் நின்று வாங்கிய அதே யூரியாதான்! எரியும்பொழுது எழும் வாயுக்கள் வெளியேறும் வழியெல்லாம் புழைகளாயின. ஆப்பம் வேகும்பொழுது குமிழிகள் வெடித்துக் கண்கள் விழுவதை இதனோடு ஒப்பிடலாம். புழு அரித்தாற்போல் ஒழுங்கற்றுக் கிளைக்கும் புழைகள் அவை. அதனோடு, யூரியாவிலுள்ள நைட்ரஜனிற் சிறிதளவு, ஆக்சிஜன் இருந்த இடங்கள் சிலவற்றில் அமர்ந்தது. நைட்ரஜன் புகுந்த டைட்டானியம் டை ஆக்சைடு காணொளியையும் பற்றும் என்பதை ஜப்பானியர் 2001-இலேயே காட்டியிருந்தனர். எனவே, ஒரே எரிப்பில் வெண்பொடிக்குப் புழையும் கிடைத்தது, காணும் கண்ணும் ஓரளவு திறந்தது. 2011-இல் வெளிவந்த இவர்தம் கட்டுரையின் தலைப்பிலேயே, நேர்வெயிலில் இப்பொருள் ஆற்றும் வினைக்குப் புழைமையே உந்துதல் என்பது கூறப்பட்டுளது. பின்னர், 2014-இல், இத்தகைய பொருளோடு நுண்ணிய பொன்துகள்களைச் சேர்த்துக் கதிரொளியில் ஹைட்ரஜன் பெறும் ஆய்வும் அவ்வாய்வகத்தினின்று வெளிவந்தது.

ஆயினும் புழை மிகுந்தால் பயனும் மிகும் என்று எண்ணிவிடுதல் பிழையாகும். சூளையில் வேகாத பானை நீரிற் கரையும். அளவிற்கு மிஞ்சி வெந்ததோ உருகிக் கோணும். அதுபோலப் புழைச்சுவர்கள் நன்கு படிகமாவதற்கு வெப்பம் வேண்டும். வெப்பம் மிகுந்தால் புழைகள் இடிந்து தூர்ந்துபோம். வெப்பம் குறைந்தாலோ, சுவர்களில் எஞ்சும் ஒழுங்கின்மைகள் எலக்ட்ரான்களைப் பற்றி நிறுத்தி வெற்றிடத்தோடு கூட்டிவிடும். புகுத்திய நைட்ரஜனும் அளவு மீறினால் அத்தகைய தடையாகவே முடியும். புழையும் படிகமும் நிறமும் ஒன்றற்கொன்று விட்டுக்கொடுத்து அமைதல் வேண்டும். இத்துறையின் அருமை ஈண்டேயுளது.

குருடனும் முடவனும்

ஒரே பொருளிற் காணுதலும் செய்தலும் கூடாவிடில், இரண்டு பொருள்களை ஏன் இணைத்தல் கூடாது? நடக்க வல்ல குருடன் தோளில், காண வல்ல முடவன் ஏறி வழிகாட்டிய கதையை நாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். ஈண்டும் ஏறத்தாழ அதுவே நிகழ்கின்றது. ஒரு பொருள் ஒளியைப் பற்றி ஆக்சிஜனை மட்டும் விடுவிக்கும். மற்றொன்று ஒளியைப் பற்றி ஹைட்ரஜனை மட்டும் விடுவிக்கும். முன்னதன் தாழ்ந்த வாய்க்காலினின்று பின்னதன் கிணற்றிற்கு எலக்ட்ரான் பாயும். ஆழ்கிணற்று நீரை இரண்டு ஏற்றங்களால் இரண்டு நிலையாக இறைப்பது போன்றது இது. 2016-இல் ஜப்பான் நாட்டு டோமென் குழுவினர், ரோடியம் முதலியன சேர்த்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டையும், மாலிப்டினம் சேர்த்த பிஸ்மத் வனடேட்டையும் ஒரு பொற்படலத்தின்மேற் பதித்துத் தூய நீரைப் பகுத்தனர். கதிரொளியின் ஆற்றலில் 100-க்கு 1 பங்கிற்குச் சற்று மிகுதியாக ஹைட்ரஜனிற் சேர்ந்தது. நூற்றுக்கு ஒன்றா என்று நகைத்தல் வேண்டா. பொடிகளைக் கொண்டு மட்டும் நீரைப் பகுத்தோர் அந்த ஒன்றை எட்டுவதற்கே நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

2021-இல் அதே துறையினர், 100 சதுர மீட்டர்ப் பரப்பில் ஒளிவினையூக்கிப் பலகைகளைத் திறந்த வெளியில் நிறுவி, பல திங்கள் இயக்கிய செய்தியை வெளியிட்டனர். பிரிந்தெழும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்தே வருமாதலின், ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். மென்படலக் குழாய்களால் ஹைட்ரஜனைப் பிரித்தெடுத்து, தீங்கின்றி அதனைச் சேர்க்கலாம் என்பதை அவர்கள் மெய்ப்பித்தனர். அங்கு எட்டிய உச்ச அளவு 100-க்கு 0.76 பங்கு. அங்கு நிறுவியது புறஊதாக் கதிரை மட்டும் பற்றும் பொருளாதலின், இவ்வளவு குறைந்ததில் வியப்பில்லை.

அந்தப் பலகைகளைச் சின்னசேலத்தில், இரண்டரை சென்ட் நிலத்தில் நிறுவினோம் என்று கொள்வோம். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யூனிட் ஆற்றல் வெயிலாக வீழ்கின்றது. நூறு சதுர மீட்டருக்கு 500 யூனிட். அதில் 0.76 விழுக்காடு 3.8 யூனிட். ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்குவது ஏறத்தாழ 33 யூனிட். ஆகவே நாளொன்றுக்குக் கிடைப்பது 115 கிராம் ஹைட்ரஜன். ஒரு மூட்டை யூரியாவிற்கு வேண்டிய 4.5 கிலோ சேர்வதற்கு ஏறத்தாழ 40 நாள் ஆகும். அதுவும் உச்ச அளவு நாள்தோறும் குறையாதிருந்தால். 100-க்கு 10 பங்கு என்னும் அளவை எட்டினால், அதே நிலத்தில், அதே வெயிலில், 3 நாளில் முடியும். நாற்பதிற்கும் மூன்றிற்கும் இடையேதான் இவ்வாராய்ச்சியின் உயிர் நிற்கின்றது.

மூன்று வினாக்கள்

வெயிலால் நீரினின்று எரிபொருள் கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தித்தாள்களில் அவ்வப்பொழுது பெரிய எழுத்துகளில் வெளியாகின்றது. அவற்றைப் படிக்கும்பொழுது நாம் கேட்க வேண்டியவை மூன்று என்பது எம் துணிபு.

முதல் வினா: எந்த ஒளி? 2020-இல் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டைக் கொண்டு, பட்ட ஒளித்துணுக்குகளில் 100-க்கு 96 பங்கு வரையில் வினைக்குப் பயன்படச் செய்தனர். செயற்கரிய செயல். ஆயின் அவ்வொளி 350 முதல் 360 நானோமீட்டர் வரையுள்ள புறஊதாக் கதிர். மேற்கூறிய 0.76 பங்கு என்பது அத்தகைய பொருளே முழு வெயிலில் ஈந்தது. இரண்டு எண்களும் மெய்யே. முன்னதை மட்டும் கூறிப் பின்னதை மறைப்பது மெய்யாகாது.

இரண்டாம் வினா: தூய நீரா? பல ஆய்வுகளில் நீரோடு மெத்தனால் முதலியவற்றைக் கலப்பர். அவை வெற்றிடங்களை விரைந்து நிரப்பித் தாம் சிதைந்து, எலக்ட்ரானை ஹைட்ரஜன் வினைக்கு விடுகின்றன. ஊக்கியின் பாதித் திறனைச் சோதிப்பதற்கு இது நேரிய முறையே. ஆயினும் மெத்தனால் விலைகொடுத்து வாங்குவது. அதனைச் செலவிட்டுப் பெற்ற ஹைட்ரஜனை நீர் மட்டும் தந்ததாகக் கூறலாகாது.

மூன்றாம் வினா: எத்தனை நாள்? ஆய்வுக்கூடத்தில் ஐந்து மணி நேரம் உழைத்த பொடி, ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் உழைக்குமா?

வேறொரு வழியும் உளது என்பதை மறைத்தல் நேர்மையன்று. கதிரொளிப் பலகையால் மின்சாரம் எடுத்து, அம்மின்சாரத்தால் நீரைப் பகுக்கலாம். இவ்வழியில் வெயிலின் ஆற்றலில் 100-க்கு 10 பங்கிற்கு மேல் இன்றே ஹைட்ரஜனாக்க இயலும். 2023-ஆம் ஆண்டு சனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபாயில் ஒப்பிய தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கம் பெரிதும் இவ்வழியையே நம்பியுளது. மின்வேதியியலுக்கென 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஆய்வகம் நம் காரைக்குடியிலேயே உளது. ஆயினும் பலகை, மின்பகுப்பான், கம்பி என்னும் அவற்றின் செலவு பெரிது. ஒரு பொடியும் ஒரு தட்டும் நீருமே போதும் என்னும் எளிமைதான் ஒளிவினையூக்கியின் மாட்டு அறிஞரை ஈர்ப்பது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2006-இல் விசுவநாதன் அவர்கள் முயற்சியால் அமைந்த தேசிய வினையூக்க ஆய்வு மையம் போன்ற இடங்களில் வினையூக்கிகளைப் பற்றிய ஆய்வு தமிழகத்திலும் நடைபெற்று வருகின்றது.

யாம் அறிந்தவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எம் பெரிய தந்தையாரிடம் தொலைபேசியிற் கூறினோம். ஏற்றத்தின் உவமை அவர்க்கு உடனே விளங்கிற்று. அவர் இளமையில் ஏற்றம் இறைத்தவர். செம்மண் காணுமேயன்றி ஈயாது என்றதற்கு, "அது எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பின்னர் நாற்பது நாட் கணக்கைச் சொன்னோம். சற்று நேரம் வாளாவிருந்தார்.

"நாற்பது நாளா? அதற்குள் சோளம் கதிர் பிடித்துவிடுமே, தம்பி!"

"அதை மூன்று நாளாக்கத்தான் முயல்கிறார்கள், பெரியப்பா."

"ஹைட்ரஜன் மட்டும் கிடைத்தால் யூரியா ஆகிவிடுமா?"

ஆகாது என்றோம். காற்றினின்று நைட்ரஜனைப் பிரித்தல் வேண்டும்; அதனை ஹைட்ரஜனோடு உயர்ந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் கூட்டுதல் வேண்டும்; கரியமிலவாயுவையும் வேறோரிடத்தினின்று கொணர்தல் வேண்டும். இவை அனைத்திற்கும் முதற்படி ஹைட்ரஜனே என்றோம். அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி. மூன்று நாளாகும்போது வந்து சொல். அதுவரை நான் வரிசையில் நிற்கிறேன், நீங்கள் படியுங்கள்" என்றார்.